பத்துப் பத்து

அப்பாவை டால்ஃபினின் மேல் படுக்க வைத்தார்கள். வேறு வழி இருக்கவில்லை. மணல்மேட்டின் முக்கால் உயரத்திலிருந்து ஒரு கனத்த மனிதரைக் கீழே இறக்குவதற்கு அங்கே இருந்த ஒரே வாகனம் சறுக்குப் பலகைதான். சுற்றுலா வந்தவர்கள் அதில் உட்கார்ந்து உச்சியிலிருந்து அலறிக்கொண்டே வழுக்கி வருவார்கள், அலறுவதற்குத்தான் கட்டணமே. இருந்த பலகைகளில் நீளமானது ஒன்றுதான் அப்பாவுக்குப் பொருந்தியது. அதில் ஒரு டால்ஃபின் வரைந்திருந்தது. வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கும் டால்ஃபின்.

பலகைக்காரருக்கு அந்தச் சிரிப்பு உறுத்தியிருக்க வேண்டும். மாலுமிகள் வைப்பது போன்ற வெள்ளைத் தொப்பி ஒன்றை வைத்திருந்ததால் அங்கே எல்லோரும் அவரைக் கேப்டன் என்றார்கள். கேப்டன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அப்பாவின் தலையைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தார். தலை சரியாகச் சிரிப்பின் மேல் வந்ததும், "மறைஞ்சிருச்சு," என்றார். பிறகு தன் தோள் துண்டை எடுத்து, இறங்கும்போது விலகாமல் இருக்க அப்பாவின் கால்களைச் சேர்த்துச் சுற்றிக் கட்டினார்.

மகன் தலைப் பக்கத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். கேப்டன் கால் பக்கம் முதுகைக் கொடுத்து, குதிகாலை மணலில் ஊன்றி ஊன்றி, பலகை ஓடிவிடாமல் தடுத்துக்கொண்டே இறங்கினார். அந்தப் பலகை செய்த நாளிலிருந்து அவ்வளவு மெதுவாக எங்கேயும் போனதில்லை. அம்மாவும் அக்காவும் கைகோத்துக்கொண்டு கூடவே வந்தார்கள். அப்பா இறந்துவிட்டார் என்று இன்னும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தங்கள் முறைக்காக வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருவர் படம் எடுக்கப் போனைத் தூக்கி, விஷயம் புரிந்ததும் அதே கையால் தலையைச் சொறிந்துகொண்டார். ஒரு சின்னப் பெண் மட்டும், அந்தத் தாத்தா ஏன் கத்தவே இல்லை என்று தன் அம்மாவிடம் கேட்டாள்.

அப்பா கத்துகிற ஆள் இல்லை. அதுதான் அந்தக் குடும்பத்தின் பிரச்சினையே. கோபம் வந்தால் மற்ற வீடுகளில் பாத்திரம் பறக்கும். அப்பா கண்ணை மூடிக்கொள்வார். உட்கார்ந்த இடத்தில், நின்ற இடத்தில், பேருந்தில், பந்தியில், எங்கே மனத்தாங்கல் வந்தாலும் அங்கேயே கடையைச் சாத்திவிடுவார். அக்காவின் கல்யாணத்தன்று புகைப்படக்காரரோடு ஏதோ உரசல். ஆல்பம் முழுக்க அப்பா கண்ணை மூடியபடியே நிற்கிறார். அக்காவின் மாமனார் வழிச் சொந்தத்தில் ஒருவர் ரொம்ப காலம் வரைக்கும், பார்வை இல்லாத மனுஷர் பெண்ணை எப்படி வளர்த்திருக்கிறார் பாருங்கள் என்று வியந்துகொண்டிருந்தார்.

மூடிய கண்ணைத் திறக்க மன்னிப்பு உதவாது. கெஞ்சினால் இன்னும் இறுக்கிக்கொள்வார். அதற்கு அம்மாவிடம் ஒரே ஒரு முறை இருந்தது. டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டு, யாரிடமும் இல்லாமல் பொதுவாகக் காற்றைப் பார்த்து, "டீ ஆறுது," என்று சொல்ல வேண்டும். கொஞ்ச நேரத்தில் ஒரு கண் திறக்கும். பிறகு, வேறு வழியில்லாமல், இன்னொன்று. குடித்து முடித்து டம்ளரைக் கவிழ்த்து வைத்தாரானால் சண்டை தீர்ந்தது என்று அர்த்தம். கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் இந்த முறை ஒரு நாளும் பொய்த்ததில்லை.

அந்த நாற்பதாவது வருஷத்தைக் கொண்டாடத்தான் மகன் இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்திருந்தான். கடலோர மணல்மேடு, உச்சியிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் அலை அலையாக மணல் என்று படங்களில் பார்த்திருந்தான். அப்பாவுக்கு அதையெல்லாம் காட்ட வேண்டும் என்பதில் அவனுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. அப்பா முப்பத்தொரு வருஷம் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்கியவர். பன்னிரண்டாம் மாடியில் ஓர் உணவகம். அங்கே ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஊரே காலடியில் தெரிகிறது என்று சாப்பிட்டு இறங்குகிறவர்கள் பேசிக்கொண்டு வருவார்கள். அப்பா ஒரு நாளும் வெளியே காலெடுத்து வைத்துப் பார்த்ததில்லை. கதவு திறந்தால் எதிரே ஒரு சுவரும் ஒரு பூந்தொட்டியும் தெரியும். அதுதான் அவருக்குப் பன்னிரண்டாம் மாடி. நின்று நின்றே பாதங்கள் இரண்டும் வெளிப்பக்கமாகத் திரும்பிவிட்டன. அக்காவும் அவனும் சின்ன வயதில் அதற்குப் 'பத்துப் பத்து' என்று பெயர் வைத்திருந்தார்கள். கடையில் விற்பதற்கு மாட்டியிருக்கும் கடிகாரங்களில் முட்கள் பத்து மணி பத்து நிமிஷத்தில் விரிந்து நிற்குமே, அப்படி. அப்பா வருகிறாரா என்று கேட்டால், பத்துப் பத்து ஆகிவிட்டது என்பாள் அக்கா.

காலையில் ஏற ஆரம்பித்தபோது எல்லோரும் நன்றாகத்தான் இருந்தார்கள். நுழைவாயிலில் 'இயற்கை அன்னையின் மடி' என்று பெரிய பலகை. அதன் கீழேயே மடியில் செய்யக்கூடாதவை பதினான்கு. அப்பா பதினான்கையும் நிதானமாகப் படித்தார். ஏறுவதைத் தள்ளிப்போடுகிறார் என்று மகனுக்குத் தோன்றியது. அம்மா செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஆடு மாதிரி ஏறினாள். அப்பாவையும் கழற்றச் சொன்னாள், வெறுங்காலில் ஏறினால் சுலபம் என்று. அப்பா கழற்ற மாட்டேன் என்றுவிட்டார். ஒவ்வொரு அடிக்கும் செருப்பில் மணல் ஏறியது. ஒவ்வொரு பத்தடிக்கும் நின்று அதை உதறினார்.

முக்கால் தூரத்தில், எல்லோரும் ஏறுகிற தடத்தை விட்டு வலது பக்கம் கொஞ்சம் விலகி, ஒரு சரிவில் உட்கார்ந்தார். மூன்று பக்கமும் மணல்சுவர் போல நின்ற இடம். அங்கிருந்து கடலும் தெரியாது, கீழே வண்டிகள் நிற்குமிடமும் தெரியாது. எங்கே போனாலும் லிஃப்ட் பெட்டி மாதிரி ஓர் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்.

"மூச்சு வாங்குதுடா," என்றார்.

"எல்லாருக்கும்தான் வாங்குது."

"நீங்க போயிட்டு வாங்க. மேல என்ன இருக்கு? மேல போனா கீழ எறங்கணும். முப்பது வருஷமா அதத்தான் செஞ்சேன்."

மற்ற நாளாயிருந்தால் மகன் சிரித்திருப்பான். அவன் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். யார் யாரோ வந்து கியரைப் பிடுங்கி எறிகிற மாதிரி போட்டாலும், வண்டியைச் சுவரில் கொண்டுபோய் முட்ட வைத்தாலும், "பரவால்லைங்க, மெதுவா," என்பான். அந்தப் பரவாயில்லைகளில் ஒன்றைக்கூட அவன் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டு இன்னும் ஐம்பது அறுபது அடிக்கு அழிச்சாட்டியம் பண்ணுகிறாரே என்று அவனுக்குச் சுர்ரென்று ஏறியது. எந்த நல்லதுக்கும் ஒத்துழைக்காத மனிதர் என்பதில் ஆரம்பித்து, அக்கா கல்யாண ஆல்பம் வரைக்கும் போய்விட்டு வந்தான். அப்பா அவனை ஒருமுறை பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

"சரி, இங்கயே இருங்க," என்றான் மகன். "நான் இனிமே கூப்பிட மாட்டேன்."

அக்கா நிலைமையைச் சரிசெய்ய ஒரு செல்ஃபி எடுத்தாள். மூன்று பேர் சிரிக்க, பின்னால் அப்பா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். குடும்ப வழக்கப்படி எடுத்த படம். அம்மா பையிலிருந்து பிளாஸ்கை எடுத்து, அதன் மூடியில் டீ ஊற்றி, அப்பாவின் பக்கத்தில் மணலைக் குழித்து அதில் வைத்தாள்.

"டீ ஆறுது," என்றாள் காற்றைப் பார்த்து.

கண் திறக்கவில்லை. அம்மா கொஞ்சம் நின்று பார்த்தாள். இன்றைக்குக் கோபம் பெரிசு, மேலே போய் வருவதற்குள் தணிந்துவிடும் என்று பிளாஸ்கைப் பையில் போட்டுக்கொண்டு ஏறினாள். அவர்கள் உச்சியில் முக்கால் மணி நேரம் இருந்தார்கள். கடல் படத்தில் இருந்ததை விட நன்றாகவே இருந்தது. இறங்கி வந்தபோது அப்பா அதே இடத்தில், அதே மாதிரி கண்ணை மூடி, சரிவில் முதுகைச் சாய்த்திருந்தார். மூன்று பேரும் சுற்றி நின்று, இன்னுமா கோபம் என்று ஒரு நிமிஷம் கேலி பேசிவிட்டுத்தான் தொட்டுப் பார்த்தார்கள்.

சாலையோரத்து ஆஸ்பத்திரி சிறியது. சுற்றுலா வருகிறவர்களின் சுளுக்குக்கும் வெயில் மயக்கத்துக்கும் என்று கட்டியது, சாவுக்குப் பழக்கமில்லாதது. அப்பாவைக் கிடத்தியிருந்த அறையில், வெயிலில் தண்ணீர் நிறையக் குடிப்பீர் என்று ஒரு சுவரொட்டி. டாக்டர் சின்ன வயதுப் பெண். இதயம்தான் என்றார். காலையிலேயே ஏதாவது சொன்னாரா, நெஞ்சைப் பிடித்தாரா என்று கேட்டார். மூச்சு வாங்குகிறது என்று சொன்னார் என்றான் மகன். அதற்குத் தான் சொன்ன பதிலை அவன் சொல்லவில்லை. டாக்டரும் கேட்கவில்லை.

ஆனால் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. கடைசியாக உயிரோடு பார்த்த நேரம். ஊருக்குக் கொண்டுபோகும் வண்டி ஐந்து மணிக்கு வரும், அதற்குள் அதைச் சொல்லுங்கள், அவசரமில்லை என்று டாக்டர் அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டுப் போனார்.

செல்ஃபியில் நேரம் இருந்தது: ஒன்பது நாற்பது. அக்கா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்பாவின் கை முட்டியைப் பிடித்திருக்கிறது, பிடியில் பலம் இருக்கிறது, இது உயிருள்ள கை என்றாள். இன்னும் பெரிதாக்கியபோது அப்பா சாம்பல் நிறக் கட்டங்களாக உடைந்து போனார்.

"இல்லடி," என்றாள் அம்மா. அழவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். "டீன்னு சொல்லியும் கண்ணத் தொறக்கல. அப்பவே போயிட்டாரு. செத்த மனுஷன் முன்னால டீய வச்சிட்டு நான் கடல் பாக்கப் போயிருக்கேன்."

அம்மா சொல்வது சரியென்றால், கூப்பிட மாட்டேன் என்று மகன் சொன்னதுதான் அப்பா கடைசியாகக் கேட்டது. அக்கா சொல்வது சரியென்றால், முக்கால் மணி நேரம் அப்பா தனியாகக் கிடந்திருக்கிறார், அவன் ஐம்பது அடி மேலே நின்று கடலைப் படம் பிடித்திருக்கிறான். இரண்டில் எது நடந்திருந்தால் தேவலை என்று யோசித்துப் பார்த்தான். யோசிக்க யோசிக்க இரண்டும் இடம் மாறிக்கொண்டே இருந்தன.

நர்ஸ் வந்து கேப்டனின் துண்டை அவிழ்த்து மடித்துக் கொடுத்தபோதுதான் அம்மா அப்பாவின் கால்களைப் பார்த்தாள். வெறுங்கால். விரலிடுக்கில் மணல்.

"செருப்பு எங்க?"

பலகையில் வரும்போது நழுவியிருக்கும் என்றாள் அக்கா. இப்போது அது ரொம்ப முக்கியமா என்ற தொனி அதில் இருந்தது. அம்மா மகனைப் பார்த்தாள். செருப்பில்லாமல் அவர் வாசல் வரைக்கும்கூடப் போக மாட்டார், போய்த் தேடி எடுத்துக்கொண்டு வா என்றாள். உட்கார்ந்திருப்பதை விட அது மேல் என்று அவன் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

மணல்மேட்டில் கூட்டம் இருந்தது. சறுக்கலும் அலறலும் நடந்துகொண்டுதான் இருந்தன. டால்ஃபின் பலகை மட்டும் கழுவி ஓரமாக வெயிலில் நிறுத்தியிருந்தது. கேப்டன் துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். இறக்கின வழியில் செருப்பு எதுவும் கிடக்கவில்லை, தான் பார்த்துவிட்டதாகச் சொன்னார்.

"மேலதான் இருக்கணும் தம்பி. சீக்கிரம் போயிட்டு வந்துருங்க. நாலு மணிக்குக் காத்து கெளம்பிரும். அப்புறம் இங்க செருப்பு என்ன, ஆளே நின்னாலும் மூடிரும்."

நாலாக இருபது நிமிஷம் இருந்தது. மகன் ஏறினான். காலையில் கேலி செய்தபடி ஏறிய அதே தூரம் இப்போது நெஞ்சை அடைத்தது. எல்லாருக்கும்தான் வாங்குகிறது.

அப்பா உட்கார்ந்திருந்த சரிவில் கீழ்ப்பக்கம் முழுக்க மிதிபட்டுக் கலைந்திருந்தது, அவர்கள் ஓடியதும் தூக்கியதும். முதுகு சாய்ந்த குழி அப்படியே இருந்தது. குழிக்கு வலப்பக்கம் செருப்புகள். நழுவி விழுந்த செருப்புகள் இல்லை. வீட்டு வாசலில் விடுவது போல ஒன்றை ஒட்டி ஒன்றாகக் கழற்றி வைத்த செருப்புகள். மணலை உதறியிருந்தார். அவற்றுக்குப் பக்கத்தில், அம்மா குழித்த குழியில், பிளாஸ்கின் மூடி.

மூடி கவிழ்ந்திருந்தது.

அவன் முதலில் அதைத் தொடவில்லை. உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தான். சிந்திய தேநீரில் மணல் நனைந்து காய்ந்தால் அப்பளம் போலப் பொருக்குத் தட்டியிருக்கும். எங்கேயும் பொருக்கு இல்லை. மூடியைத் தூக்கிப் பார்த்தான். உள்ளே அடியில் ஒரு பழுப்பு வளையம்.

மேற்பக்கம் யாரும் மிதிக்காத மணல். அதில் ஒரு வரிசைத் தடம் ஏறிப் போயிருந்தது. வெறுங்கால் தடம். இடது பாதம் இடப்பக்கமும் வலது பாதம் வலப்பக்கமும் விரிந்து, விரிந்து, விரிந்து. பக்கத்திலேயே இன்னொரு வரிசை இறங்கி வந்திருந்தது.

அவன் தடத்தை மிதிக்காமல் ஓரமாகவே ஏறினான், எண்ணிக்கொண்டு. ஏழாவது அடியிலும் பதிமூன்றாவதிலும் நின்று மூச்சு வாங்கியிருக்கிறார். அங்கெல்லாம் பள்ளம் ஆழமாக இருந்தது. இருபத்து மூன்றாவது அடியோடு தடம் முடிந்தது. அங்கே இரண்டு பாதங்களும் சேர்ந்து, கணுக்கால் வரை புதைந்து, ரொம்ப நேரம் நின்றிருந்தன.

மகன் பக்கத்தில் போய், அதே திசையில் பார்த்தபடி நின்றான். மணல்சுவர் அந்த இடத்தில் தாழ்ந்திருந்தது. அந்தத் தாழ்வில் கடல் இருந்தது. உச்சியில் பார்த்த மாதிரி அகலக் கடல் இல்லை. கதவு கொஞ்சமாகத் திறந்த அளவுக்கு ஒரு நீலம். கொஞ்சம் தலையைத் திருப்பினால் உச்சியும் தெரிந்தது. காலையில் அவர்கள் மூவரும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற இடம். ஒரு குரல் கொடுத்திருந்தால் கேட்டிருக்கும் தூரம்தான். இவன் கூப்பிட மாட்டேன் என்றிருந்தான். அவரும் கூப்பிடவில்லை.

பார்த்துவிட்டு, இறங்கிப் போய், பழைய இடத்தில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். டீயைக் குடித்துவிட்டு ஏறினாரா, இறங்கி வந்து குடித்தாரா என்பதை மணல் சொல்லவில்லை.

அம்மாவுக்குக் காட்டலாம் என்று போனை எடுத்துத் தடத்துக்கு நேரே பிடித்தான். உச்சி வெயில் தாண்டிய வெளிச்சத்தில் திரையில் வெறும் மணல்தான் தெரிந்தது, அங்கங்கே லேசான நிழல். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கீழே கேப்டன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மேலே பார்ப்பது தெரிந்தது. காற்று கிளம்பிவிட்டது. முதலில் விரல்கள் போயின. பிறகு குதிகால். ஆழமான பள்ளங்கள் மட்டும் கொஞ்சம் தாக்குப் பிடித்தன. இருபத்து மூன்றும் போகிறவரை மகன் நின்றான். போவதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்தபோது ஊருக்குப் போகும் வண்டி வந்து நின்றிருந்தது. அக்கா தன் கணவருக்குப் போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா அதே ஸ்டூலில் இருந்தாள். அவன் செருப்பைக் கொடுத்தான்.

"எங்க கெடந்துச்சு?"

"கெடக்கலம்மா. ஜோடியா கழட்டி வச்சிருந்தாரு."

அம்மா செருப்பைப் பார்த்தாள். நாம் போகும்போது காலில் இருந்தது என்று அவள் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. அவன் சட்டைப்பையிலிருந்து மூடியை எடுத்துக் கொடுத்தான்.

"இது?"

"அங்கயேதான் இருந்துச்சு. கவுத்து வச்சிருந்தாரு."

அம்மா மூடியைத் திருப்பி அதன் உள்ளே பார்த்தாள். கிணற்றுக்குள் பார்ப்பது போல வெகுநேரம் பார்த்தாள். பிறகு பையிலிருந்து பிளாஸ்கை எடுத்து, மூடியை அதன் மேல் வைத்து, மரை சரியாக உட்காரும் வரை மெதுவாகத் திருகினாள்.

"கொஞ்ச தூரம் மேல ஏறியிருக்காரும்மா. அங்கேருந்து கடல் தெரியுது."

"செருப்பக் கழட்டச் சொன்னேன்," என்றாள் அம்மா. "கழட்ட மாட்டேன்னாரு."

டாக்டர் படிவத்தோடு வந்தார். ஒன்பது நாற்பதுக்கு நாங்கள் மேலே போனோம், அப்போது உயிரோடு இருந்தார் என்றான் மகன். உறுதியாகத் தெரியுமா என்று டாக்டர் கேட்டார். தெரியும் என்றான். அம்மா தடுத்து எதுவும் சொல்லவில்லை. டாக்டர் கட்டத்தை நிரப்பிவிட்டு, ஆட்கள் ஸ்ட்ரெச்சர் கொண்டுவருவார்கள், ஐந்து நிமிஷம் ஆகும் என்று சொல்லிப் போனார்.

அம்மா எழுந்து, முந்தானையால் செருப்புகளைத் துடைத்து, கட்டிலின் கால்மாட்டில் தரையில் வைத்தாள். ஒன்றை ஒட்டி ஒன்றாக, நேராக வைத்தாள். திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு உட்கார்ந்தபடியே காலை நீட்டி, வலது செருப்பின் நுனியைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளினாள். இடதை இடப்பக்கம்.